கிதாரும் கடமும்

மாலை வேளையில் கிங்ஸ் சர்க்கிள் புகைவண்டி நிலையத்தில் இறங்கிச் சண்முகானந்த அரங்கம் நோக்கி நடப்போர் பலர் கையில் ஒரு நிகழ்ச்சித் தாள் இருக்கும். பாடுபவர் பெயர் அதில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். வயலின் வாசிப்பவர் பெயர் அதற்கடுத்த அளவிலும், மிருதங்கம் வாசிப்பவர் பெயர் அதற்குக் கீழும் காணப்படும். கடமோ கஞ்சிராவோ வாசிப்பவர் பெயர் கடைசி வரியில் நிற்கும். சில வேளைகளில் அந்த வரியே இராது.

இந்த வரிசையை நம்முள் யாரும் கூடி வகுத்ததில்லை. ஆயினும் நாம் அனைவரும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். பக்கத்தில் அமர்ந்து வாசிப்பவர் பக்கத்திலேயே இருக்கவேண்டியவர் என்பது நம் மனத்தில் ஊறிப்போன எண்ணம். அந்த எண்ணத்தை அசைத்துப் பார்த்த ஒரு வரலாற்றை இம்மலரில் எழுத விழைகின்றோம். அவ்வரலாற்றில் இருவர் முன்னிற்கின்றனர். ஒருவர், இலண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறர் பாட்டுக்குக் கூலிக்கு வாசித்த ஜாஸ், புளூஸ் கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாலின். மற்றவர், மண்பானையை மடியில் ஏந்தி உலகை வலம்வந்த நம் ‘விக்கு’ விநாயக்ராம். இருவரும் 1942-ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். ஒருவர் யார்க்ஷயரில் பிறந்தவர். மற்றவர் தேத்தாக்குடி என்னும் தமிழூரின் பெயரைத் தம் பெயரோடு சுமப்பவர். இருவரும் தத்தம் நாட்டில் ‘பக்க இசைஞர்’ என்றே தொழில் தொடங்கியவர்கள். அவர்கள் ஒரே மேடையில் ஒரே வரிசையில் அமர்ந்தது எவ்வாறு என்பதே நம் கட்டுரையின் பொருள்.

இளங்கோ காட்டிய வழி

பக்க இசைஞரைப் போற்றும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டுவோமானால் இது விளங்கும். மாதவி அரங்கேறி ஆடுவதைச் சொல்ல வந்த இளங்கோவடிகள், உடனே ஆட்டத்திற்குச் செல்வதில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டெழுதும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்தி, அவரவர் தகுதியை எடுத்துரைக்கின்றார். முழவு கொட்டுபவன் ஏனைக் கருவிகளின் குறையை நிரப்பவும், மிகுதியை அடக்கவும் வல்லவனாதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அதன் பின்னரே அரங்கின் அமைப்பையும் ஆட்டத்தையும் கூறுகின்றார்.

இடைக்காலத்தில் இந்த வரிசை மாறிற்று. கச்சேரி முறை வளர வளரத் தலைமைக் கலைஞர், பக்கவாத்தியம், உபபக்கவாத்தியம் என்னும் படிகள் தோன்றின. கடமும் கஞ்சிராவும் மோர்சிங்கும் ‘உப’ என்னும் முன்னொட்டைச் சுமந்தன. பஜனைகளில் ஒலித்த கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையைப் போன்ற பேராற்றல் படைத்தோர் இடையிடையே தோன்றினர் எனினும், பொதுவில் அப்படிகள் மாறவில்லை.

பம்பாயில் ஜாஸ்

மெக்லாலினின் கதைக்குச் செல்லுமுன், நம் நகருக்கும் ஜாஸ் இசைக்கும் உள்ள பழந்தொடர்பை ஒருவாறு நினைவுகூர்வது பொருத்தம். அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், அடிமைத்தளையில் இருந்து மீண்ட கறுப்பின மக்களின் வயல்வெளிப் பாட்டிலிருந்தும் கோயிற் பாட்டிலிருந்தும் முகிழ்த்தது புளூஸ். அதனோடு ஊர்வல வாத்திய இசையும் பிறவும் கலந்து நியூ ஆர்லியன்ஸ் நகரில் உருப்பெற்றது ஜாஸ். அவ்விசை 1935-இலேயே லியான் ஆபியின் குழுவினரோடு பம்பாயின் தாஜ்மகால் விடுதிக்கு வந்துவிட்டது. டியூக் எல்லிங்டன் 1963-இலும், லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1964-இலும் இந்நகருக்கு வந்து வாசித்தனர்.

அவ்விசையைப் பம்பாயில் வாழவைத்தவர்கள் பெரும்பாலும் கோவாவிலிருந்து வந்த கிறித்தவ இசைஞர்களே. இரவில் விடுதிகளில் ஜாஸ் வாசித்த அவர்கள், பகலில் இந்தித் திரைப்படக் கூடங்களில் வாசித்தனர். பல்லாயிரம் பாடல்களில் அவர்தம் உழைப்பு உண்டு. படங்களின் பெயர்ப்பட்டியலிலோ அவர்தம் பெயர் பெரும்பாலும் இல்லை. அந்தோணி கோன்சால்வசின் கதை இதற்குத் தக்க சான்று. வயலின் கலைஞரும் இசைக் கோப்பாளருமான அவர், 1958-இல் இந்திய, மேலை இசைகளை இணைத்து ஒரு பெரும் வாத்தியக் குழுவை அமைத்தவர். அவருடைய மாணவர் பியாரேலால், 1977-இல் வெளிவந்த ‘அமர் அக்பர் அந்தோணி’ படத்தின் பாடலொன்றில் ஆசிரியரின் பெயர் ஒலிக்கச் செய்தார். நாடே அப்பெயரைப் பாடிற்று. அப்பெயருக்குரியவர் உயிரோடு வாழும் இசைஞர் என்பதைப் பாடியவர்களுள் எத்துணைப் பேர் அறிந்திருப்பர்?

இதே காலத்தில் சென்னையிலும் இத்தகையதொரு வாழ்வு நடந்துகொண்டிருந்தது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்று, ஜி. கே. வெங்கடேஷுக்கு உதவியாளராகவும், பல இசையமைப்பாளர்களுக்குக் கால்ஷீட் கணக்கில் கிதார் வாசிப்பவராகவும் இருந்தார் ஓர் இளைஞர். 1976-இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது அவர் இளையராஜா என அறியப்பட்டார். மெக்லாலினும் விநாயக்ராமும் சேர்ந்து வாசித்த முதல் இசைத்தட்டு வெளிவந்ததும் அதே 1976-ஆம் ஆண்டுதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இவ்விரு நிகழ்ச்சிகளும் ஓர் உண்மையைச் சுட்டுகின்றன. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் சும்மா இருப்பதில்லை; அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இலண்டனில் கூலிக் கிதார்

ஜான் மெக்லாலின் 1942-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரிற் பிறந்தார். ஐந்து பிள்ளைகளுள் இளையவர். அன்னையார் வயலின் வாசிப்பவர். சிறுவன் முதலில் பியானோ கற்றான். பதினோராம் அகவையில் கிதார் கைக்கு வந்தது. தமையன்மார் வழியே மட்டி வாட்டர்ஸ், பிக் பில் புரூன்சி ஆகிய புளூஸ் கலைஞர்களின் இசைத்தட்டுகள் வீட்டிற்கு வந்தன. பின்னர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ஜாஸ் கிதாரும், இசுப்பானிய நாட்டு ஃபிளமென்கோ இசையும் அவர் செவியை ஈர்த்தன.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் இலண்டன் சேர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்காகக் கிதார்க் கடையில் வேலை பார்த்ததும் உண்டு; பாடம் சொல்லிக் கொடுத்ததும் உண்டு. பின்னாளில் உலகப்புகழ் பெற்ற ஜிம்மி பேஜ் அவரிடம் பாடம் கேட்டவர்களுள் ஒருவர். ஜார்ஜி ஃபேம், கிரஹாம் பாண்ட், பிரையன் ஆகர் ஆகியோரின் குழுக்களில் இரவுதோறும் வாசித்தார். பகலில் ஒலிப்பதிவுக் கூடங்களில் கூலிக்கு வாசித்தார்.

அக்கூலி வாசிப்பு எத்தகையது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். மூன்று மணி நேரம் ஒரு கணக்கு. குறித்த நேரத்திற்குக் கலைஞர் கூடத்திற்கு வந்துவிட வேண்டும். முன்பின் பாராத இசைக்குறிப்பு மேசையில் இருக்கும். பார்த்தவுடன் பிழையின்றி வாசிக்க வேண்டும். இங்கே சிறிது அழுகை வேண்டும், அங்கே சிறிது துள்ளல் வேண்டும் என்பார் கோப்பாளர். அவர் கேட்டதைக் கேட்டபடி கொடுக்க வேண்டும். மூன்று மணி முடிந்ததும் பணத்தைப் பெற்றுக்கொண்டு அடுத்த கூடத்திற்கு ஓட வேண்டும். இசைத்தட்டின் உறையில் டாம் ஜோன்ஸ் இருப்பார், எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க் இருப்பார், பெட்டுலா கிளார்க் இருப்பார். கிதார் வாசித்தவர் பெயர் இராது.

இத்தொழிலில் வருவாய் குறைவில்லை. ஆயினும் அது தம் உள்ளத்தை வற்றச் செய்தது என்று மெக்லாலின் பின்னாளில் பலமுறை கூறியுள்ளார். ஒருநாள் அவர் அதைத் துறந்து செருமனி சென்று, அங்கே எவ்விதக் குறிப்பும் கட்டும் இல்லாத தன்னியல்பான ஜாஸ் வாசித்தார். 1969 சனவரியில் ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’ என்னும் தம் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதற்கடுத்த திங்களே அமெரிக்கா சென்றார். சென்ற சில நாட்களுக்குள், பிப்ரவரி 18-ஆம் நாள், மைல்ஸ் டேவிசின் ‘இன் எ சைலண்ட் வே’ ஒலிப்பதிவில் அமர்ந்திருந்தார். கிதார் வாசிக்கத் தெரியாதவனைப் போல வாசி என்று டேவிஸ் அவருக்குச் சொன்னதாகக் கூறுவர். பார்த்ததைப் பிழையின்றி வாசிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர் கேட்டதற்கரிய அறிவுரை அது. அவ்வாண்டு ஆகஸ்டில் பதிவான ‘பிட்சஸ் புரூ’ தொகுப்பில் ஓர் உருப்படிக்கு ‘ஜான் மெக்லாலின்’ என்றே டேவிஸ் பெயரிட்டார். உறையில் பெயரே காணாத கலைஞருக்குத் தம் பெயரே ஓர் உருப்படியின் தலைப்பாயிற்று.

வீணையின் அருகில்

இசைத்தேடலும் மெய்ப்பொருள் தேடலும் அவரிடத்து இணைந்தே வளர்ந்தன. இலண்டனில் கிரஹாம் பாண்டின் நட்பால் கீழைநாட்டுத் தத்துவ நூல்கள் அறிமுகமாயின. நியூயார்க்கில் வங்காளத் துறவி ஸ்ரீ சின்மயின் மாணவரானார். அவர் அளித்த ‘மகாவிஷ்ணு’ என்னும் பெயரையே 1971-இல் தாம் அமைத்த மின்னிசைக் குழுவிற்குச் சூட்டினார். ஐந்தும் ஏழும் ஒன்பதுமாக எண்ணிக்கை மாறிவரும் தாளங்களை முழங்கிய அக்குழு பெரும்புகழ் ஈட்டிற்று.

புகழின் உச்சியில் இருந்தபோதே அவர் மாணவராகவும் அமர்ந்தார். கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகம், தமிழிசைக்குக் கடல்கடந்த ஒரு வீடாக அப்போது விளங்கிற்று. பாலசரசுவதியின் தம்பி தி. ரங்கநாதன் 1963 முதல் அங்கே மிருதங்கம் கற்பித்தார். பெரும்பாடகர் இராமநாதபுரம் கிருஷ்ணனின் உடன்பிறந்தாரான இராமநாதபுரம் இராகவனும் அங்கு மிருதங்க ஆசிரியராக இருந்தார். இசைப் பேரறிஞர் டாக்டர் சே. இராமநாதனிடம் மெக்லாலின் வீணை பயின்றார். வயலின் மேதை வி. இலட்சுமிநாராயண ஐயரின் மைந்தர் எல். சங்கரைச் சந்தித்ததும் அப்பல்கலைக்கழகச் சூழலில்தான்.

ஒரு புளூஸ் கிதார்க் கலைஞரை வீணை ஏன் ஈர்த்தது? இதற்கு இசை வழியே விடை உண்டு. கிதாரின் மெட்டுகள் சுரங்களை அறை அறையாகப் பிரித்து வைப்பவை. புளூஸ் பாடுவோரின் அழுகுரலோ அந்த அறைகளுக்குள் அடங்குவதன்று. இரண்டு சுரங்களுக்கு இடையே அது தேம்பும். ஆகவே புளூஸ் கலைஞர்கள் நரம்பை விரலால் பக்கவாட்டில் இழுத்து, மெட்டுகளுக்கு இடைப்பட்ட ஒலியை வருவித்தனர். வீணைக் கலைஞரும் நரம்பை இழுத்தே கமகம் வருவிக்கின்றார். மிசிசிப்பிக் கரையில் துயரம் கற்பித்ததைக் காவிரிக் கரையில் இலக்கணம் வகுத்து வைத்திருந்தது. மெக்லாலின் வீணையில் கண்டது முற்றிலும் புதியதொன்றையன்று. தம் இளமையில் இசைத்தட்டு வழியே கேட்ட அழுகையின் இலக்கணத்தை அவர் அங்கே கண்டார் எனலாம்.

அவர் வீணைக் கலைஞராக மாறவில்லை; கிதாரையே வீணையின் அருகில் கொண்டுவர முயன்றார். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய ஏப் வெக்டர் என்னும் கைவினைஞர் அவருக்கென ஒரு கிதாரைச் செய்தார். மெட்டுகளுக்கு இடையே உள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பட்டது. அதனால் விரல் மரத்தில் உராயாமல் நரம்பைத் தாராளமாக இழுக்க முடிந்தது. வாசிக்கும் நரம்புகளுக்குக் கீழே, குறுக்காக ஏழு அனுதாப நரம்புகள் பூட்டப்பட்டன. அவை சிதாரின் கீழ்நரம்புகள் போலத் தாமே அதிர்ந்து ஒலித்தன.

மானாமதுரை மண்

இனிக் கடத்தின் கதையைக் காண்போம். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து சிறிது தொலைவில், தாராவியின் கும்பார்வாடாவில் குயவர்களின் சூளைப்புகையைக் கண்டவர்க்கு மண்பானையின் அருமை புதிதன்று. எனினும் எல்லாப் பானையும் கடம் ஆவதில்லை. சுவர் தடித்து, எங்கும் ஒரே சீராக அமைந்து, சுருதியோடு ஒலிக்க வேண்டும். அத்தகைய கனத்த கடத்திற்குச் சிவகங்கைச் சீமையின் மானாமதுரை பெயர்பெற்றது. பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் ஒலியின் ஆழத்தைக் கூட்டியும் குறைத்தும் வாசிப்பர். தோல் இல்லை, நரம்பு இல்லை. சுட்ட மண்ணும் விரல்களும் மட்டுமே.

விநாயக்ராம் அக்கருவியைத் தந்தையார் ஹரிஹர சர்மாவிடம் கற்றார். தாளக் கருவிகளுக்கென்றே ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்திய வித்யாலயத்தை 1958-இல் சென்னையில் தோற்றுவித்தவர் சர்மா. பதின்மூன்றாம் அகவையில் மேடையேறிய விநாயக்ராம், எம். எஸ். சுப்புலட்சுமி முதலிய பெருங்கலைஞர்க்குக் கடம் வாசித்தார். எவ்வளவு பெரிய மேடையாயினும் கடத்திற்குரிய இடம் மிருதங்கத்திற்கு அடுத்த இடமே. தனி ஆவர்த்தனத்தின் சில நிமிடங்களே அவருக்கென வாய்ப்பவை. எஞ்சிய பொழுதெல்லாம் பிறர் வழியைத் தொடர்வதே பணி. இலண்டனில் மெக்லாலின் மேசைமேலிருந்த குறிப்பைத் தொடர்ந்தார். சென்னையில் விநாயக்ராம் மிருதங்கத்தின் விரலைத் தொடர்ந்தார். பின்னதில் கலைநயமும் பக்தியும் மிகுதி என்பதை நாம் மறுக்கவில்லை. பெயரின் எழுத்தளவில் மட்டும் இரண்டும் ஒன்றே.

சக்தி

1975-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 5-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் சவுதாம்ப்டன் கல்லூரியில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. மின்கிதாரைத் துறந்து, மரக்கிதாரோடு தரையில் அமர்ந்தார் மெக்லாலின். அவரோடு எல். சங்கர் வயலினுடனும், இராகவன் மிருதங்கத்துடனும், விநாயக்ராம் கடத்துடனும், நம் பம்பாயிற் பிறந்த ஜாகிர் உசேன் தபலாவுடனும் அமர்ந்தனர். குழுவின் பெயர் ‘சக்தி’. அன்று பதிவான இசையே 1976-இல் முதல் தட்டாக வெளிவந்தது. இராகவன் பின்னர்த் தொடரவில்லை. மற்ற நால்வரும் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ என மேலும் இரு தட்டுகளை அளித்து உலகெங்கும் சுற்றினர்.

அக்குழுவில் யார் பக்கவாத்தியம்? கேட்பவர்க்கு விடை கூறுதல் எளிதன்று. கிதாரும் வயலினும் ஒரே ஓட்டத்தை ஒன்றாக ஓடும். பின் பிரிந்து மாறி மாறி உரையாடும். கடமும் தபலாவும் அவ்வாறே வினாவும் விடையுமாக நெடுநேரம் பேசும். அப்போது கிதாரும் வயலினும் அடங்கி, தாளத்திற்குப் பக்கத்துணையாக நிற்கும். இரண்டாம் தட்டின் தொடக்கத்திலோ கருவியே இல்லை. சொற்கட்டு, அதாவது கொன்னக்கோல், வாயாலேயே முழங்குகின்றது. மேலைநாட்டு இளைஞர்கள் பலர் ‘தகதிமி’ என்னும் சொல்லை முதன்முதல் கேட்டது இத்தகைய தட்டுகளில்தான்.

ஜாஸும் நம் இசையும் இங்ஙனம் இணைய முடிந்ததற்குக் காரணம் உண்டு. புளூஸ் பாட்டின் ஒரு சுற்று, வழக்கமாக நான்கு நான்காக எண்ணப்படும் பன்னிரண்டு அளவுகள் கொண்டது. ஆக நாற்பத்தெட்டு எண்ணிக்கை. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் எட்டு அட்சரம்; நான்கு நான்காகப் பிரிப்பின் முப்பத்திரண்டு. இரண்டிலும் சுற்று மாறாது. சுற்றுக்குள் கற்பனை புதிது புதிதாகப் பிறக்கும். இரண்டிலும் கலைஞர் எங்கெங்கோ அலைந்து, கணக்குத் தவறாது உரிய இடத்தில் வந்து இறங்குவார். வேற்றுமையும் உண்டு. ஜாஸ் ஒரே வேளையில் பல சுரங்களை அடுக்கும் ஒத்திசைவை நம்பி நடப்பது. நம்மிசை ஓர் இராகத்தின் ஒற்றை இழையை நம்பி நடப்பது. சக்தியில் மெக்லாலின் ஒத்திசைவைப் பெரிதும் குறைத்துக்கொண்டார். தமிழ்க் கலைஞர்கள் கச்சேரியின் படிவரிசையை விட்டுக்கொடுத்தனர். இருசாராரும் தமக்குரியதொன்றை இழந்தே இப்புதிய இசையைப் பெற்றனர்.

இதற்கு முன்னோடி முயற்சிகள் இல்லாமலில்லை. 1958-இல் டேவ் புரூபெக் குழுவினர் இந்தியா வந்தபோது, சென்னையில் அவர்தம் தாளக் கலைஞர் ஜோ மொரெல்லோவும் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் சந்தித்துத் தாளத்தில் உரையாடினர். ஆயினும் அது விருந்தினர் சந்திப்பு. சக்தியோ ஒரே வீட்டில் குடியிருந்து வாழ்ந்த வாழ்வு.

குறைகளும் உண்டு

வரலாறு கூறுவோர் நிறையை மட்டும் கூறிச் செல்லுதல் முறையன்று. முதல் தட்டின் பெயரே ‘சக்தி, ஜான் மெக்லாலினுடன்’ என்பது. அனைவரும் சமம் என்று மேடை கூறிற்று. ஒருவர் பெயரை உறை தனியே கூறிற்று. தம் பெயரின்றி எத்தனையோ தட்டுகளில் வாசித்த ஒருவரின் பெயரே இப்போது ஏனையோர் பெயரை மறைக்கும் திரையாயிற்று என்பது காலத்தின் விளையாட்டு. மின்கிதாரின் முழக்கத்தை எதிர்பார்த்திருந்த இசைத்தட்டு நிறுவனத்திற்கும் இவ்வமைதியான இசை உவப்பாக இல்லை. 1978-இல் குழு கலைந்தது.

நம்மவர் பக்கத்திலும் எதிர்ப்பு எழுந்தது. இது கலப்படம், கச்சேரி மரபைக் குலைப்பது என்றனர் சிலர். அவர்தம் அச்சத்தை நாம் எள்ளற்கில்லை. இராகத்தின் நுட்பம் விரைவின் ஆரவாரத்தில் கரைந்துபோகக் கூடும். பிற்காலத்தில் ‘ஃபியூஷன்’ என்னும் பெயரால் நிகழ்ந்த பலவற்றில் கரைந்தும் போயிற்று. ஆனால் சக்தியில் வாசித்த நம் கலைஞர் எவரும் மரபைக் கைவிட்டவரல்லர். விநாயக்ராம் உலகம் சுற்றித் திரும்பியபின், கச்சேரி மேடையில் முன்போலவே தம் இடத்தில் அமர்ந்து வாசித்தார். அந்த இடத்தைப் பார்க்கும் அவையின் கண் சிறிது மாறியிருந்தது, அவ்வளவே. உலக இசைத் தொகுப்பிற்கென முதன்முறையாக 1992-இல் வழங்கப்பெற்ற கிராமி விருதைப் பெற்ற ‘பிளானட் டிரம்’ தட்டில் அவர் கடமும் உண்டு. 2014-இல் பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தது. ‘உப’ என்னும் முன்னொட்டைச் சுமந்த கருவிக்குக் கிடைத்த சிறப்பாகவும் இதைக் கொள்ளலாம்.

செம்பூரின் குரல்

இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின், 1997-இல் குழு ‘ரிமெம்பர் சக்தி’ என்னும் பெயரில் மறுபிறவி எடுத்தது. மாண்டலின் சீனிவாசன் அதில் இணைந்தார். மேலைநாட்டுக் கருவியொன்றைக் குழந்தைப் பருவத்திலேயே கருநாடக இசைக்கு வசப்படுத்திய அவரும், மேலைநாட்டுக் கிதாரோடு தெற்கு நோக்கி வந்த மெக்லாலினும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து ஒரே இடத்தில் சந்தித்தவர்கள். விநாயக்ராமின் இடத்தில் அவர் மைந்தர் செல்வகணேஷ் கஞ்சிராவும் கடமுமாக அமர்ந்தார். பின்னர், நம் செம்பூரிற் பிறந்து இளமையில் வீணையும் பயின்ற சங்கர் மகாதேவன் பாட வந்தார். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் நம் நகரில் பதிவான நிகழ்ச்சி, ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ என்னும் பெயரில் 2001-இல் வெளிவந்தது. சக்தியின் பெயர் நம் ஊர்ப் பெயரோடு அவ்வாறு இணைந்தது.

இவற்றினும் நம் மனத்தைத் தொடுவது வேறொன்று. 2007-இல் மெக்லாலினும் செல்வகணேஷும் சேர்ந்து கொன்னக்கோல் பாடங்களை ஒளித்தட்டாக வெளியிட்டனர். இலண்டனில் மூன்று மணிநேரக் கணக்கில் பிறர் குறிப்பை வாசித்தவர், அறுபதைக் கடந்த அகவையில், திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்று விரல்விட்டு எண்ணித் தாளம் போட்டுக் கற்பித்தார். கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், கற்ற இடத்தின் பெயரைச் சொல்லியே பிறர்க்கு அளித்தார். ஆசிரியனின் பெயரைக் கூறிக் கற்பிக்கும் நம் மரபை அவர் அறிந்திருந்தார்.

2014 செப்டம்பர் 19-ஆம் நாள் மாண்டலின் சீனிவாசன் நாற்பத்தைந்து வயதிலேயே மறைந்தார். குழு சிலகாலம் ஓய்ந்தது. பின்னர் வயலின் கணேஷ் ராஜகோபாலன் சேர, 2023-இல் ‘திஸ் மொமெண்ட்’ வெளிவந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கிராமி விருதும் பெற்றது. அதே 2024-ஆம் ஆண்டின் டிசம்பரில் ஜாகிர் உசேனும் மறைந்தார். தபலாவைப் பக்கத்திலிருந்து நடுவிற்குக் கொண்டுவந்த தலைமுறையின் தலைமகன் அவர்.

நாம் செய்யக்கூடியது

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பெரிய மேதைகளைப் பற்றிப் பேசிப் பெருமை கொள்வதோடு நாம் நின்றுவிடலாகாது. ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றார் என்பதனால் அவர் சிறியர் ஆகார். நாம் அவரைக் கேட்கவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. இலண்டன் கூடத்தில் ஒரு மெக்லாலினைக் கேட்பதற்கு ஒரு மைல்ஸ் டேவிஸ் வேண்டியிருந்தது. கடத்தைத் தனியே கேட்பதற்கு நமக்கு ஓர் ஆங்கிலேயர் வேண்டியிருந்தது. இளங்கோவடிகளைப் பெற்ற மொழியினர்க்கு அது சற்றே நாணத்தக்கது.

சண்முகானந்த சபை 1952-இல் தோன்றிற்று. ஏறத்தாழ மூவாயிரம் பேர் அமரும் அதன் அரங்கம் 1963-இல் எழுந்தது. 1990-இல் தீக்கு இரையாயிற்று. அந்தப் பத்தாண்டு முடியுமுன் மீண்டும் எழுந்தது. அரங்கை மீண்டும் எழுப்ப முடிந்த நமக்கு, நிகழ்ச்சித் தாளின் கடைசி வரியை மேலே கொண்டுவருவது அரிய செயலன்று. நம் சங்கத்தின் விழா அழைப்பிதழ்களிலும், நாம் வெளியிடும் மலர்களிலும், வாசித்தவர் அனைவர் பெயரையும் ஒரே அளவில் அச்சிடுவோமாக. தம்பூரா மீட்டிய பெண்ணின் பெயரையும் மறவாது சேர்ப்போமாக. தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் காப்பி அருந்த எழுந்து செல்லும் வழக்கத்தையும் அன்றோடு விடுவோமாக.

அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் மண்பானையை மடியில் ஏந்திய ஒருவர் மாலை முழுவதும் காத்திருந்தார்.